விளையாட்டும் விலையும்

விலை என்றால் என்ன என்று வணிகவியல் வகுப்பில் கேட்டால் பிளஸ் ஒன் மாணவியர் உடனே விடை கூறிவிடுவர். ஒரு பொருளைப் பெறுவதற்காக நாம் கொடுக்கும் பணமே விலை. விடை சரிதான். ஆனால் அந்தப் பணத்தை எப்போது கொடுக்கிறோம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பு சற்றுத் தயங்கும். பொருளைப் பெறுமுன்னரா, பெறும்போதா, பெற்றுப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதா? சிறிய வேறுபாடுபோலத் தோன்றும் இது ஒரு தொழிலின் போக்கையே மாற்றிவிடக்கூடியது. இதற்கு இக்காலத்து வீடியோ விளையாட்டுத் தொழில் தக்க சான்றாகும். இன்று அத்தொழிலில் கையாளப்படும் விற்பனை முறைகள் அத்தொழிலுக்கே கேடு செய்கின்றனவா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

செல்போன் விளையாட்டால் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று பேசுவோர் பலர் உள்ளனர். அதை மீண்டும் இங்கே எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டியதில்லை. கடைக்காரரின் பக்கம் நின்று கணக்கைப் பார்ப்பதே நம் நோக்கம். கணக்கு விளங்கினால் மற்றது தானே விளங்கும்.

முதலில் நம் ஊர்ப் பக்கத்துக் கோரைப் பாயை எடுத்துக்கொள்வோம். முசிறியில் பாய் வாங்க வருபவர் அதை விரித்துப் பார்க்கிறார்; ஓரத்தை இழுத்துப் பார்க்கிறார்; பேரம் பேசிப் பணத்தைக் கொடுத்துச் சுருட்டி எடுத்துச் செல்கிறார். அதன்பின் பாய் அவருடையது. ஆறு மாதத்தில் பாய் பிரிந்துவிட்டால் மறுமுறை அந்தக் கடைக்கு வரமாட்டார். ஆகவே நெய்பவர் நூலை இறுக்கிப் பிடிக்கிறார். இப்போது வேறொரு வியாபாரியைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் பாயை இலவசமாகவே கொடுக்கிறார். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அதன் ஓரத்தில் கோரை குத்தும். குத்தாமல் இருக்க ஒரு ரூபாய் கட்ட வேண்டும். இந்த வியாபாரிக்கு எது லாபம்? பாய் நன்றாக இருந்தால் அவருக்கு வருமானமில்லை. எவ்வளவு குத்தினால் வாங்கியவர் பாயை எறிந்துவிடாமல் ரூபாயை மட்டும் கட்டுவார் என்று கணக்கிடுவதே அவருடைய தொழில் திறமையாகிவிடும்.

ஒரே முறை கொடுத்த விலை

வீடியோ விளையாட்டுத் தொழில் தொடங்கியபோது நிலைமை இவ்வாறு இல்லை. 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' என்னும் விளையாட்டு, காசு போட்டு ஆடும் பெட்டியாக வந்தது. அதிலும் மீண்டும் மீண்டும் காசு போடத்தான் வேண்டும். எனினும் போடுகிற காசு கையில் தெரிந்தது. சட்டைப் பையில் இருந்த சில்லறை தீர்ந்ததும் வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். பின்னர் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து வீட்டிலேயே ஆடும் கருவிகள் வந்தன. விளையாட்டு ஒவ்வொன்றும் ஒரு சிறு பெட்டியாகக் கடையில் விற்கப்பட்டது. ஒரு முறை விலை கொடுத்தால் பொருள் நமக்குச் சொந்தம்.

அந்த முறையிலும் பேராசை புகாமல் இல்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தையில் அவசர அவசரமாகச் செய்யப்பட்ட விளையாட்டுகள் குவிந்தன. 1982இல் அட்டாரி வெளியிட்ட 'ஈ.டி.' விளையாட்டு ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் உருவாக்கப்பட்டது. விற்காமல் தேங்கிய பெட்டிகளை லாரிகளில் ஏற்றிச் சென்று 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆலமகோர்டோ என்னும் ஊரில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014இல் அவ்விடத்தைத் தோண்டியபோது அவை கிடைத்தன. வாங்குபவர்கள் நம்பிக்கை இழந்ததால் 1983இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அந்நாட்டு வீட்டு விளையாட்டு விற்பனை, 1985இல் சுமார் 10 கோடி டாலராகச் சரிந்தது என்பர். அதன்பின் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தரத்துக்கு முத்திரையிட்டு விற்கத் தொடங்கிய பிறகே அங்குத் தொழில் மீண்டும் தலைதூக்கியது.

இந்த வீழ்ச்சியைச் சற்று விரிவாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. முன்பணம் கொடுத்து வாங்கும் முறையில், மோசமான சரக்கை விற்றவரை வாங்குபவர் இரண்டே ஆண்டுகளில் தண்டித்துவிட்டார். இன்றைய முறையில் அந்தத் தண்டனை அவ்வளவு விரைவில் வருவதில்லை.

விலை உள்ளே நுழைந்த கதை

2006ஆம் ஆண்டு 'ஒப்ளிவியன்' என்னும் விளையாட்டில் குதிரைக்குப் போடும் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றார்கள். முழு விலை கொடுத்து விளையாட்டை வாங்கியவரிடம், உள்ளே இருக்கும் குதிரைக்குச் சட்டை தைக்கத் தனிக் கூலி கேட்டதுபோல இருந்தது அது. பலர் நகைத்தார்கள், ஆயினும் வாங்கினார்கள். நகைத்தவர்களின் எண்ணிக்கையைக் கடைக்காரர் குறித்துக்கொள்வதில்லை. வாங்கியவர்களின் எண்ணிக்கையைத்தான் குறித்துக்கொண்டார்.

அடுத்து, கையில் செல்போன் வந்தது. 2009இல் ஆப்பிள் நிறுவனம் இலவச விளையாட்டுக்குள்ளேயே பொருள் விற்க அனுமதித்தது. நம் நாட்டிலோ 2016க்குப் பிறகு இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. நுழைவு இலவசம், உள்ளே கடை என்ற முறை இவ்வாறு வேரூன்றியது.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைக் கூற வேண்டும். இலவச முறையால் நன்மையே இல்லை என்று சொல்ல இயலாது. பெரிய விளையாட்டுக் கருவி ஒன்றின் விலை அரை லட்சம் ரூபாய் அளவில் இருக்கிறது. அதில் ஆடும் புது விளையாட்டு ஒன்றுக்கே ஐயாயிரம் ரூபாய் ஆகும். முசிறியில் எத்தனை வீட்டில் அது கைகூடும்? அப்பாவின் பழைய செல்போனில் காசு கொடுக்காமல் ஆடக்கூடிய விளையாட்டுதான் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குத் திறந்த ஒரே கதவு. நவிமும்பையில் 2016இல் உருவான 'லூடோ கிங்', 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வெவ்வேறு ஊர்களில் அடைபட்டிருந்த உறவினர்களை ஒரே பலகையில் உட்கார வைத்தது. திண்ணையில் தாயம் ஆடிய பாட்டிகளுக்கும் அதன் சுவை புரிந்தது. ஆகவே 'இலவசம்' என்ற சொல்லையே குற்றமாகக் கருத வேண்டாம்.

கேள்வி அதற்கு அடுத்ததில்தான் இருக்கிறது. ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை. விளம்பரத்தால் கிடைப்பது போக, மீதி வருமானத்தின் பெரும்பகுதி வெகு சிலரிடமிருந்து வருகிறது. அந்தச் சிலரைத் தொழில் வட்டாரத்தில் 'திமிங்கிலம்' என்று அழைக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு இப்படி ஒரு பெயரை நம் ஊர் மளிகைக் கடைக்காரர் வைத்தால் அந்தக் கடை நிலைக்குமா? திமிங்கிலம் என்று அவர்கள் கூறுபவர் உண்மையில் பெருஞ்செல்வராக இருக்கலாம். நிறுத்த முடியாமல் தவிக்கும் இளைஞராக இருக்கலாம். அம்மாவின் செல்போனைக் கையில் வைத்திருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையாகவும் இருக்கலாம். பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகள் செய்த செலவுக்காக 2014இல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரும், கூகுள் நிறுவனம் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலரும் அமெரிக்கப் பெற்றோர்க்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன.

இனி ஒரு சிறு கணக்கு. விளையாட்டுக்குள் ரூபாய் செல்லாது. 'டைமண்ட்' போன்ற அவர்களுடைய நாணயமே செல்லும். எடுத்துக்காட்டாக, 80 டைமண்ட் கொண்ட கட்டு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரருக்கு அணிவிக்கும் சட்டையின் விலை 100 டைமண்ட். ஒரு கட்டு போதாது. இரண்டு வாங்கினால் 160. சட்டை போக மீதி 60. அந்த 60 வீணாகிறதே என்று மனம் அரிக்கும். இன்னொரு கட்டு வாங்கினால் இரண்டாவது சட்டை போக மீதி 40. மீண்டும் ஒரு கட்டு, மூன்றாவது சட்டை, மீதி 20. மீதி பூச்சியமாக வேண்டுமானால் ஐந்து கட்டுகளும் நான்கு சட்டைகளும் வாங்க வேண்டும். 80க்கும் 100க்கும் மீச்சிறு பொது மடங்கு 400 அல்லவா? ஒரு சட்டைக்கு ஆசைப்பட்ட பிள்ளை 400 ரூபாயில் வந்து நிற்கிறது. ஏழாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் கணக்கை வைத்தே ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பணத்தை வாங்கிவிடுகிறார்கள்.

'இன்னும் பத்து நிமிடமே' என்று ஓடும் கடிகாரம், இன்று வராவிட்டால் நேற்றுவரை சேர்த்த பரிசு போய்விடும் என்ற மிரட்டல் ஆகியவையும் இதே இனத்தைச் சேர்ந்தவை. இத்தகைய தந்திரங்கள் விளையாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. இணையக் கடைகள் அனைத்துக்கும் பொருந்துமாறு நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 13 வகை ஏமாற்று உத்திகளைப் பெயர் சொல்லித் தடுத்துள்ளது. போலி அவசரம் காட்டுவது அவற்றுள் ஒன்று.

அதிர்ஷ்டப் பெட்டி

பெற்றோர் பலருக்குச் சிறு வயதில் பெட்டிக் கடையில் தொங்கிய லக்கி பிரைஸ் அட்டை நினைவிருக்கும். சில்லறைக் காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் எண் வரும். எண்ணுக்குரிய பரிசு கிடைக்கும். பெரும்பாலும் மிட்டாய்தான் வரும். மேலே கட்டியிருக்கும் பெரிய பந்து அட்டை முடியும்வரை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். பெரிய பரிசின் எண்ணைக் கடைக்காரர் முன்னமே எடுத்து வைத்துவிட்டார் என்ற சந்தேகமும் அக்காலத்திலேயே உண்டு.

இன்றைய விளையாட்டுகளில் விற்கப்படும் அதிர்ஷ்டப் பெட்டி இதன் பேரப்பிள்ளை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்க வேண்டும். ஆயினும் பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அட்டையில் 100 சீட்டு இருந்து, கடைக்காரரும் நாணயமானவராக இருந்தால், நூறாவது சீட்டுக்குள் பெரிய பரிசு வந்தே தீரும். கிழிக்கக் கிழிக்க வாய்ப்புக் கூடும். கணினிப் பெட்டியிலோ கிழித்த சீட்டு ஒவ்வொரு முறையும் திரும்ப உள்ளே போடப்படுகிறது. வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால், 99 முறை தோற்ற பிறகும் அது நூற்றில் ஒன்றுதான். பெட்டி ஒன்று 20 ரூபாய் என்று கொண்டால், 100 பெட்டிக்கு 2,000 ரூபாய் ஆகும். 100 மாணவியர் ஆளுக்கு 2,000 ரூபாய் செலவிட்டால் அவர்களில் சுமார் 37 பேருக்கு அந்தப் பொருள் கிடைத்திராது. ஆளுக்கு 4,000 ரூபாய் செலவிட்ட பிறகும் சுமார் 13 பேர் வெறுங்கையுடன் நிற்பர். இந்த 13 பேரே மேலும் செலவிடும் ஆபத்தில் இருப்பவர்கள். இவ்வளவு செலவிட்ட பிறகு விடுவதா என்ற எண்ணம் அவர்களைப் பிடித்து இழுக்கும். சில நிறுவனங்கள் இத்தனையாவது முறை கட்டாயம் தருவோம் என்று உச்ச எண்ணிக்கை வைத்திருக்கின்றன. அது ஓரளவு ஆறுதலே. ஆனால் அந்த எண்ணிக்கையை எட்டுவதற்கு ஆகும் தொகையை ரூபாயில் எழுதிக் காட்டச் சொன்னால் தயங்குவார்கள்.

ஜப்பானில் இத்தகைய பெட்டிகளில் கிடைக்கும் பொருள்களை முழுத் தொகுதியாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற முறை பரவியபோது, அந்நாட்டு நுகர்வோர் துறை 2012இல் அது சட்டவிரோதம் என்று அறிவித்தது. 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' என்ற விளையாட்டை முழு விலைக்கு விற்றதோடு, உள்ளே அதிர்ஷ்டப் பெட்டிகளையும் வைத்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். பொது வெளியீட்டுக்கு முந்தைய நாள் உள் விற்பனையை நிறுவனமே நிறுத்தி வைக்க நேர்ந்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று கூறியது. ஆனால் 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, அந்நாட்டில் ஐபோனில் அதிக வருமானம் ஈட்டிய 100 விளையாட்டுகளில் 82இல் அப்பெட்டிகள் அப்போதும் இருந்தன. சட்டம் எழுதுவது ஒன்று. கடைக்குள் சென்று பார்ப்பது வேறொன்று.

'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எப்பிக் கேம்ஸ் நிறுவனம், பிள்ளைகளின் விவரங்களைச் சேகரித்ததற்கும் தவறுதலாக வாங்கவைக்கும் பொத்தான் அமைப்புக்குமாக மொத்தம் 52 கோடி டாலர் கட்ட 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் இணங்கியது. 2025 ஜனவரியில் 'கென்ஷின் இம்பாக்ட்' நிறுவனத்தாரும் 2 கோடி டாலர் கட்டவும், பெற்றோர் இசைவின்றி 16 வயதுக்குட்பட்டோர்க்கு அதிர்ஷ்டப் பெட்டி விற்காதிருக்கவும் ஒப்புக்கொண்டனர்.

செய்பவர் படும் பாடு

இவ்வளவும் ஆடுபவருக்கு நேரும் இழப்பு. தொழிலுக்கு என்ன கேடு என்று மாணவியர் கேட்கலாம். உலகெங்கும் இத்தொழிலின் ஆண்டு வருமானம் 18,000 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிடுகின்றனர். பணம் வந்துகொண்டிருக்கும்போது கேடு எங்கே?

வருமானம் வேறு, தொழிலின் நலம் வேறு. பெரிய விளையாட்டு ஒன்றைச் செய்யும் செலவு இன்று மிக அதிகம். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 22 கோடி டாலர் ஆயிற்று என்பது 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட சோனி நிறுவன ஆவணங்களால் வெளிப்பட்டது. இவ்வளவு முதலைப் போட்டவர்கள் ஒரு முறை விற்றுக் கிடைக்கும் லாபத்தோடு நிற்க விரும்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் உள்ளே கடை நடத்தக்கூடிய விளையாட்டையே தேடுகிறார்கள். எல்லோரும் அதையே தேடினால் என்ன ஆகும்? ஆடுபவருக்கு ஒரு நாளில் இருப்பது 24 மணி நேரமே. நாள்தோறும் வந்தே தீர வேண்டும் என்று கேட்கும் விளையாட்டுகளில் ஒன்றிரண்டுக்கு மேல் ஒருவர் ஆட முடியாது. சோனி நிறுவனம் 2024 ஆகஸ்டு 23 அன்று வெளியிட்ட 'கான்கார்ட்' இதற்குச் சான்று. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த அந்த விளையாட்டு இரண்டே வாரங்களில், செப்டம்பர் 6 அன்று, நிறுத்தப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அதை உருவாக்கிய கூடமும் அவ்வாண்டு அக்டோபரில் மூடப்பட்டது.

அங்கே வேலை செய்தவர்கள் ஓவியம் வரைபவர்கள், இசை அமைப்பவர்கள், கதை எழுதுபவர்கள், நிரல் எழுதுபவர்கள். விற்பனை முறையை முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்லர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2023 அக்டோபரில் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை வாங்கி முடித்து, 2024 ஜனவரியிலேயே தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அந்த இரு ஆண்டுகளிலும் பல நிறுவனங்கள் இவ்வாறே பல்லாயிரம் பேரை வெளியேற்றின. கைத்திறன் உடையவர்கள் இவ்வாறு கலைந்துவிட்டால் அவர்களை மீண்டும் கூட்டிச் சேர்ப்பது எளிதன்று. நெசவு விட்ட குடும்பம் மறுபடி தறி போடுவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்?

வாங்கிய பொருள் நமதுதானா என்ற ஐயமும் இப்போது வந்துவிட்டது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் விற்ற 'தி க்ரூ' என்னும் கார் பந்தய விளையாட்டை நடத்திய கணினிகளை 2024 மார்ச் 31 அன்று நிறுத்திவிட்டது. கடையில் பணம் கொடுத்துத் தட்டாக வாங்கியவரும் அதை இனி ஆட முடியாது. பாய் விற்றவர் பத்தாண்டு கழித்து வந்து பாயைச் சுருட்டி எடுத்துப் போனதற்கு ஒப்பானது இது. இதை எதிர்த்து ஐரோப்பாவில் தொடங்கிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். கலிஃபோர்னியா மாநிலமோ 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆடும் உரிமம் மட்டுமே தருவதானால் 'வாங்குக' என்று வெறுமனே எழுதி விற்கக் கூடாது என்பது அதன் சாரம்.

நம் மாநிலத்தில் நடந்தது

தமிழ்நாட்டுக்கு இப்பிரச்சினை வேறொரு முகத்தோடு வந்தது. 2003இல் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்ட மாநிலம் நம்முடையது. சில ஆண்டுகளில் அதே ஆசை செல்போன் வழியே, பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் முதலிய வடிவங்களில் திரும்பி வந்தது. விற்றவர்கள் அதற்கு 'கேமிங்' என்றே பெயரிட்டார்கள். கடனில் மூழ்கிய குடும்பங்களைப் பற்றியும் உயிரிழப்புகளைப் பற்றியும் செய்திகள் வந்தன.

2020 நவம்பரில் அவசரச் சட்டத்தால் தடை வந்தது. அதையடுத்து வந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டு 3 அன்று செல்லாது என்றது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று 1960களிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது நிறுவனங்களுக்கு அரணாயிற்று. 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பின் அவ்வாண்டு அக்டோபரில் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். பேரவை அதே மாதம் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் அது சட்டமாயிற்று. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டு, ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது. 2025 பிப்ரவரியில் மாநில இணைய விளையாட்டு ஆணையம், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டு கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதி செய்தது. ஜூனில் உயர் நீதிமன்றம் அவ்விதிகள் செல்லும் என்றது. இறுதியில் நாடாளுமன்றமே 2025 ஆகஸ்டு 20, 21 ஆகிய இரு நாள்களில் மசோதாவை நிறைவேற்ற, 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பார்க்காமல், அச்சட்டம் தடை செய்கிறது. அவற்றை நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு.

விளைவு என்ன? இந்திய விளையாட்டுத் தொழிலின் வருமானத்தில் பெரும்பகுதியை ஈட்டிய நிறுவனங்கள் ஒரு வார காலத்துக்குள் பண ஆட்டங்களை நிறுத்தின. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 பெயரும் நீங்கிற்று. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆடுபவர் தோற்பதை நம்பிக் கட்டிய தொழில் ஒரே சட்டத்தால் சரிந்ததில் வியப்பில்லை. வருந்தத்தக்கது வேறு. கதையும் ஓவியமும் இசையும் கொண்டு உண்மையான விளையாட்டுச் செய்ய முயன்ற சிறு கூடங்களும் இத்தனை ஆண்டுகள் அதே 'கேமிங்' என்ற பெயரைச் சுமக்க வேண்டியிருந்தது. விளையாட்டுச் செய்யும் வேலைக்குப் போகிறேன் என்று ஒரு பெண் வீட்டில் சொன்னால், சூதாட்டக் கம்பெனிக்கா போகிறாய் என்று தந்தை கேட்கிறார். தொழிலின் நற்பெயருக்கு வணிகவியலில் மதிப்பு உண்டு. வரவு செலவு ஏட்டில் அதையும் சொத்தாகவே எழுதுகிறோம். அந்தச் சொத்தை அழித்தவர்கள் ஒருசாரார், இழந்தவர்கள் எல்லாரும்.

வெண்பா

வேறு வழி உண்டா என்றால், உண்டு. அதுவும் தமிழிலேயே பெயர் கொண்டு நிற்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு கூடம் 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. வெண்பா என்னும் தாய், தன் அம்மா தந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கிறாள். ஏடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கிறது. விடுபட்ட படி எது என்று ஆடுபவரே யோசித்து இட்லித் தட்டை அடுக்க வேண்டும். புட்டு அவிக்க வேண்டும். மகன் கவின் வளர வளரத் தமிழிலிருந்து விலகிப் போகிறான். அந்த வீட்டின் வேதனை சமையலறை வழியே நமக்குத் தெரிகிறது. நம் வகுப்பு மாணவியர்க்கு இட்லித் தட்டு அடுக்குவது புதிர் அன்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதை ஒரு புதிராக எண்ணி மக்கள் மெனக்கெட்டார்கள் என்பதை நினைத்தால் நமக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வருகின்றன.

ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் விளையாட்டு அது. ஒரே முறை விலை. டைமண்ட் இல்லை, கடிகாரம் இல்லை, பெட்டி இல்லை. மிகவும் சிறியது என்று சிலர் குறை கூறினர். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் முடிந்ததும் முடிந்துவிட்டது என்று சொல்லி நம்மை வீட்டுக்கு அனுப்பும் நேர்மை அதில் உண்டு. 2024இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தனிக் கலைஞர்களின் விளையாட்டுகளுக்கான விழாவில் முதற் பெரும் பரிசும், அவ்வாண்டே பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும் அதற்குக் கிடைத்தன. 2020இல் புனே நகரிலிருந்து வந்த 'ராஜி'யும் இவ்வகையே. தம்பியை மீட்கப் புறப்படும் ஒரு சிறுமியே அதன் நாயகி. சிறு கூடங்களால்தான் இது முடியும் என்பதுமில்லை. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' மிகப் பெரிய விளையாட்டு. உள்ளே கடை எதுவும் இல்லாமலே அது பெரும் விற்பனை கண்டு, ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதையும் பெற்றது.

பெற்றோர் கவனத்துக்கு

2025ஆம் ஆண்டுச் சட்டம் பணம் வெல்லும் ஆசை காட்டும் விளையாட்டுகளையே முதன்மையாகக் குறிவைக்கிறது. பிள்ளைகள் ஆடும் சாதாரண விளையாட்டுக்குள் இருக்கும் கடை அதனால் மூடிவிடவில்லை. ஆகவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு செல்போனில் அமைத்துக்கொள்ளலாம். யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளை அறியாதிருப்பது நல்லது. "அம்மாவுக்கு அவசரமாகப் பணம் அனுப்பு" என்று நாமே சொல்லிக் கொடுப்பதுதான் பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. அறியாமல் பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் இரண்டு நாள்களுக்குள் திரும்பக் கேட்க வேண்டும்.

18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் மோகிரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் கூறிய தீர்ப்பைப் பிளஸ் டூ மாணவியர் படித்திருப்பர். அப்படியானால் பிள்ளை வாங்கிய டைமண்டுக்கு விலை கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டா? கணக்கு பெற்றோர் பெயரில் இருக்கிறது, ஆகவே வாங்கியவர் பெரியவரே என்பது நிறுவனத்தார் கூறும் வாதம். இரு பக்கமும் நின்று மாணவியர் வாதிட்டுப் பார்க்கலாம்.

கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு மற்றொன்று: பெட்டியின் வாய்ப்பு நூற்றில் இரண்டு, விலை 40 ரூபாய் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு 50 பெட்டிகள் கிடைக்கும். இப்போது 100 பேரில் எத்தனை பேர் வெறுங்கையுடன் நிற்பார்கள்? முன்பு கண்ட 37உடன் ஒப்பிட்டு, விடையை உங்கள் கணித ஆசிரியையிடம் காட்டுங்கள்.